எஞ்சின் எண்ணின் பென்சில் அச்சு

நான் ஒரு பந்தயத்தைக் கெடுத்த கதை எங்கள் குடும்பத்தில் பலவாறு வழங்குகிறது. ஒருவர் சொல்வதில் பென்சிலை உடைத்திருப்பேன். இன்னொருவர் சொல்வதில் தாளைக் கிழித்திருப்பேன். இரண்டும் நடக்கவில்லை. ஆகவே என் கண்ணால் கண்டதையும், பின்னர் அம்மாவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டதையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். சொல்லப்போவது ஒருவர்மேல் பழியாக விழக்கூடியது. ஊகத்துக்கு இதில் இடம் தரக்கூடாது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சித்தூரில், நைனா என்று நான் அழைக்கும் அப்பாவும் சித்தப்பாவும் கார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தார்கள். சித்தப்பாவிடம் பழைய சிறிய கார் ஒன்று இருந்தது. சென்னைக்கு அருகிலுள்ள பந்தயத் தடத்தில் அதை ஓட்டிவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். இருமுறை விண்ணப்பித்துக் கிடைக்காத இடம் மூன்றாம் முறை கிடைத்தது. பந்தயத்துக்கு மூன்று வாரமே இருந்தது. காரின் எஞ்சினோ, பலமனேர் மேட்டில் ஏறவே மூச்சு வாங்கும்.

வலுவான எஞ்சின் ஒன்றை வாங்குவதா, இருப்பதையே பிரித்து வலுவாகக் கட்டுவதா என்பதே வீட்டுப் பேச்சாயிற்று. சிலிண்டரை அகலமாகக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டால் போதும் என்பது நைனாவின் கட்சி.

"வாங்கினா உள்ள இன்னா கீதுன்னு நமக்குத் தெரியாது. கட்டினா ஒவ்வொரு நட்டும் நம்ம கையால போட்டது" என்றார்.

"நீ கட்டி முடிக்கிறதுக்குள்ள ரேஸே முடிஞ்சி பூடும்ணா" என்றார் சித்தப்பா.

அதுவும் மெய்தான். நைனா கட்டிய எஞ்சின்கள் நெடுங்காலம் ஓடும்; அவற்றைக் கட்டி முடிக்கவும் நெடுங்காலம் ஆகும்.

நைனாவோடும் சித்தப்பாவோடும் உடன்பிறந்த அத்தை திருப்பதியில் இருந்தார். அவருடைய கணவர், விபத்துக்குள்ளான கார்களை வாங்கிப் பிரித்து விற்பவர். பெரிய கார் ஒன்றின் எஞ்சின் வந்திருப்பதாக அந்த மாமா செய்தி அனுப்பினார். ஒரு சனிக்கிழமை காலை சித்தப்பா என்னையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். அழைத்ததற்குக் காரணம் இருந்தது. எஞ்சினை மாற்றினால் வண்டிப் பதிவுக்கான ஆர்.சி. புத்தகத்தில் புதிய எண்ணை ஏற்ற வேண்டும். அதற்கு, எஞ்சினில் பொறித்திருக்கும் எண்ணின்மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக் கொடுக்க வேண்டும். நான் எடுக்கும் அச்சு தெளிவாக விழும் என்பதால் பட்டறையில் அந்த வேலை என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் செருக்கும் இருந்தது.

புத்தலப்பட்டு தாண்டியதும் பால் வேன் ஒன்று எங்களை முந்திச் சென்றது. சித்தப்பா அதைக் காணாதவர்போல் மாந்தோப்புகளின் பக்கம் பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

மாமாவின் கொட்டகையில் அந்த எஞ்சினைச் சித்தப்பா சுற்றிச் சுற்றி வந்தார். இதைப் போட்டால் காரைக் கயிறு கட்டித்தான் நிறுத்த வேண்டும் என்றார். நான் தாளை வைத்துத் தேய்த்தேன். எண்கள் விழுந்தன. அவற்றோடு சாய்வான கீறல்களும் விழுந்தன. ஒரு மூன்றுக்கு அடியில் எட்டின் பாதி தெரிந்தது. தாள் நகர்ந்துவிட்டது என்று எண்ணி மறுபடியும் இருமுறை எடுத்தேன். மூன்று முறையும் அதே எட்டு.

சித்தப்பா மூன்று தாள்களையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மண்ணெண்ணெய்த் துணியால் எஞ்சினைத் துடைத்து, எண் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். அப்போது அத்தை தேநீரோடு வந்தார்.

"இன்னா மச்சான், நெம்பர் வந்துச்சா?" என்று கேட்டார் மாமா.

சித்தப்பா அத்தையை ஒருமுறை பார்த்தார். "பாப்பா கலைச்சி வச்சிட்டா மாமா. இன்னொரு நாள் வந்து எடுத்துக்கினு போறேன்."

"நாலாங்கிளாசு படிக்கிற, பென்சில் புடிக்கத் தெர்லியா உனுக்கு?" என்று அத்தை என் தலையில் குட்டினார். மாமா தாமே அச்சு எடுத்துத் தருவதாகச் சொன்னார். நேரமாகிவிட்டது என்று சித்தப்பா தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தேநீரை அவர் முழுதும் குடிக்கவில்லை.

திரும்பும் வழியெல்லாம் அழுதேன். ஊர் நெருங்கியபோதுதான் அவர் பேசினார்.

"அச்சு நல்லாத்தான் வந்துச்சி. வூட்ல கேட்டா, சரியா வர்லன்னு சொல்லு."

நன்றாக வந்ததை ஏன் சரியில்லை என்று சொல்ல வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. ஆயினும் நைனா கேட்டபோது அப்படியே சொன்னேன். நைனா சித்தப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஸ்பேனர் பெட்டியை எடுத்து வைத்தார். மறுநாள் காலை பழைய எஞ்சினைக் கழற்றத் தொடங்கினார்கள். பந்தய நாளன்று கார் முன்மூடி திறந்தபடி பட்டறையில் நின்றது. சித்தப்பா வால்வுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு அவர் மீண்டும் விண்ணப்பித்தார். இடம் கிடைக்கவில்லை.

அதன்பின் அத்தை வீட்டார் வரும்போதெல்லாம் என் பென்சிலைப் பற்றிய பேச்சு எழும், எல்லோரும் சிரிப்பார்கள். சித்தப்பா மட்டும் சிரிக்கமாட்டார். பந்தயம் கைநழுவிய கோபம் என்மேல் இன்னும் தீரவில்லை என்றே நான் நம்பியிருந்தேன். ஓர் எண்ணை அராவி அழித்துவிட்டு அவ்விடத்தில் வேறோர் எண்ணைப் பொறிப்பார்கள் என்பதும், திருட்டு வண்டிக்குத்தான் அப்படிச் செய்வார்கள் என்பதும், நானே பழைய வண்டி ஒன்றை வாங்கச் சென்ற வயதில்தான் தெரியவந்தன.

அந்த எஞ்சின் யாருடைய காரில் இருந்தது என்பது எனக்குத் தெரியாது. மாமா அறிந்துதான் விற்க முன்வந்தாரா என்பதும் தெரியாது. அத்தை இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறார், நான் கேட்கவில்லை.