அப்பாவின் முதுகுவலி குணமான விதம்

ஐந்தாம் வகுப்பில் நான் எடுத்த பெயர் தூங்குமூஞ்சி. காலை முதல் வகுப்பிலேயே கண் சொக்கும். மைதானத்தை ஒரு சுற்று ஓடச் சொன்னால் பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவேன். பகலெல்லாம் இப்படிச் சோர்ந்து கிடப்பவளுக்கு இரவானால் மட்டும் கொட்டக் கொட்ட விழிப்பு. அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

விழிப்புக்குக் காரணம் அப்பா. அவர் விசைப்படகில் டிரைவர். எங்கள் தூத்துக்குடியில் விசைப்படகுகள் விடியுமுன் போய் அன்றிரவே கரை திரும்பிவிட வேண்டும். நான் எழும் முன்னே போய்விடுவார், நான் தூங்க வேண்டிய நேரம் தாண்டித்தான் வருவார். ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. ஆனால் கோயிலுக்குப் போய்வந்து, சாப்பிட்டுப் படுத்தாரென்றால் பொழுது சாயும்வரை அவரை எழுப்ப முடியாது. ஆக எங்கள் இருவருக்கும் வாய்த்தது அந்த இரவுப் பொழுது மட்டும்தான். கறிக்கென்று கொண்டுவரும் மீன் பையை என் முன்னால் வைப்பார். நான் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே கையை விட்டுத் தடவியே மீனின் பெயரைச் சொல்ல வேண்டும். பாறை, ஊளி, நகரை எல்லாம் சரியாகச் சொல்லிவிடுவேன். சாளையும் சூடையும்தான் என்னை ஏமாற்றும். அதனாலேயே அந்த இரண்டையும் அடிக்கடி கலந்து கொண்டுவந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் புதிதாக ஓர் ஏற்பாடு வந்தது. சாயங்காலம் மணி அடித்த பிறகும் பிள்ளைகளை நிறுத்தி உடற்பயிற்சி. பிள்ளைகள் ஓடியாடுவதில்லை, செல்போனைப் பார்த்துக்கொண்டு ராத்திரி தூங்குவதில்லை என்று விளையாட்டு சார் பெற்றோர் கூட்டத்தில் பொரிந்து தள்ளினார். எங்கள் வீட்டு செல்போன் தினமும் அப்பாவோடு கடலுக்குப் போய்விடுகிற ஒன்று. இருந்தாலும் அம்மா முதல் ஆளாக எழுந்து என்னைச் சேர்த்துவிட்டாள். ஓட்டம், கயிறு தாண்டுதல், குனிந்து கால் பெருவிரலைத் தொடுதல். தொடக்கத்தில் தொடையெல்லாம் வலிக்கிறதென்று அழுதேன். பிறகு அழவும் நேரமில்லை. சோறு உள்ளே போனதும் தட்டின் முன்னாலேயே சாய்ந்துவிடுவேன்.

பயிற்சி நன்றாகவே வேலை செய்தது. வகுப்பில் முழித்திருந்தேன், கணக்குகூட விளங்க ஆரம்பித்தது. மைதானத்தை நிற்காமல் சுற்றினேன். அம்மா அக்கம்பக்கமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். மீன் பை எனக்கு நினைவிலேயே இல்லை. காலையில் எழுந்தால் அது குழம்பாகியிருக்கும், அவ்வளவுதான்.

ஓர் இரவு அப்பா என்னை எழுப்பி உட்காரவைத்து, என் கையைப் பிடித்துப் பைக்குள் விட்டாராம். நான் மீனைப் பிடித்தபடியே தூங்கினேனாம்.

"இப்பதான் பிள்ள ஒழுங்கா தூங்குதா. எழுப்பிக் கெடுக்காதிய" என்று அம்மா பையைப் பிடுங்கிக்கொண்டாளாம். மறுநாள் இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகுதான் அப்பாவுக்கு முதுகுவலி வந்தது. படகு அதிர்கிற அதிர்வில் முதுகு போய்விட்டது, இனி திரேஸ்புரத்தில் வள்ளத்துக்குப் போகிறேன் என்றார். வள்ளம் சின்னப் படகு. நடுச்சாமத்தில் போனால் மதியத்துக்குள் கரைக்கு வந்துவிடும். விஷயம் தெரிந்து சித்தப்பா வீட்டுக்கே வந்து சத்தம் போட்டார்.

"டிரைவரா இருந்த ஆளு, வள்ளத்துல வலை இழுக்கப் போறேன்னு சொல்லுதிய. ஊர்ல என்ன பேசுவாவ, யோசிச்சியளாண்ணே?"

"முதுகு தாங்கமாட்டேங்குலே" என்றார் அப்பா. அம்மா தைலப் புட்டியைத் தேடி எடுத்துவந்து வைத்தாள்.

சில நாள் கழித்து, பயிற்சிக்கு வரிசையில் நின்றபோது மைதானச் சுவரோரம் அப்பா உட்கார்ந்திருந்தார். அப்பாமார் யாரும் அந்நேரத்துக்கு அங்கே வந்ததில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சார் சும்மா இருப்பாரா?

"அண்ணாச்சி, ஒங்களுக்கும் தொப்பை இருக்குல்லா? வந்து நில்லுங்க" என்றார்.

அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் வரிசையின் கடைசியில் வந்து நின்றார். குனிந்து பெருவிரலைத் தொட்டார், எங்கள் எல்லோரையும்விட நன்றாகவே தொட்டார். முடிந்ததும் என்னை அலாக்காகத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு நடந்தார்.

"முதுகு வலிக்கலையாப்பா?"

"நீ ஏறினா வலிக்காதுளா. பேசாம வா."

தினமும் அப்படித்தான் வீடு திரும்பினோம். வழியெல்லாம் நான்தான் பேசுவேன். வந்து சாப்பிட்டதும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து ஒன்றாகவே தூங்கிப்போவோம். அவ்வளவு நல்ல தூக்கம் எனக்குப் பிறகு வாய்த்ததில்லை.

கொஞ்ச நாளில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நேரே போய்ச் சொன்னேன்: "சார், ஒங்க எக்சர்சைஸ்ல எங்கப்பா முதுகுவலியே போயிட்டு!"

சாருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்தி எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லவைத்தார். கைதட்டல் அடங்க நேரமானது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா அவரைப் பார்த்துச் சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். பெருமைதான் காரணம் என்று நினைத்தேன். முதுகு குணமான மனிதர் ஏன் மறுபடி விசைப்படகில் ஏறவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.