தக்காளிக்குச் செம்பனை அளவு

இன்று காலை புந்தோங்கில் என் உரக்கடையைத் திறந்ததும் சரோஜா அக்கா வந்தார். ஆயர் தாவார் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் இருபது வருடம் உரம் போட்டவர்.

"தம்பி, இன்னொரு பாக்கெட் உரம் குடு. தக்காளி இலையெல்லாம் கருகுது. இந்தத் தடவையும் காய்க்கலன்னா, சட்டியெல்லாம் தூக்கிட்டு வாசல்ல சிமெண்ட் போடுவேன்னு மகன் சொல்றான் லா."

"எவ்வளவு போடுறீங்க?"

"செடிக்கு ஒரு பால் டின். தோட்டத்துல அப்படித்தானே அளந்தோம்."

"அக்கா, அது செம்பனை மரத்துக்கு. இது சட்டியில நிக்கிற தக்காளி."

"மண்ணுக்குத் தெரியுமா, மேல என்ன நிக்குதுன்னு?"

மண்ணையே கேட்டுப் பார்ப்போம் என்று சட்டி மண்ணைக் கொண்டுவரச் சொன்னேன். அவர் வீட்டுக்குப் போய் எடுத்து வந்ததைத் தண்ணீரில் கலக்கி, புளிப்பு பார்க்கும் சோதனைத் தாளை நனைத்தேன். தாள் ஆரஞ்சு நிறமானது. ரசம் வைக்கலாம், அவ்வளவு புளிப்பு.

"ரெண்டு வாரத்துக்கு உரமே வேணாம். நிறைய தண்ணி ஊத்தி, போட்ட உரத்தை வடிய விடுங்க. புளிப்புக் குறைய கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் கலக்குங்க. மறுபடியும் சோதிச்சிட்டு, அப்புறம் ஒரு டீஸ்பூன் உரம் போதும்."

"டீஸ்பூனா? காப்பியா கலக்குறோம்?" என்று முணுமுணுத்தபடி சுண்ணாம்பை மட்டும் வாங்கிப் போனார்.

சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கருகிய இலைகளுக்கு நடுவே தப்பிப் பிழைத்த ஒரு மஞ்சள் பூ. பக்கத்தில் குழாயைப் பிடித்துச் சட்டிக்குத் தண்ணீர் விடுவது, சிமெண்ட் போடுவேன் என்ற அதே மகன்.

உரம் விற்காமலேயே ஒரு புது வாடிக்கையாளரைப் பிடித்துவிட்டேன். இன்னும் பால் டின்னில் அளப்பவர்கள் கீழே கமெண்டில் கையைத் தூக்குங்கள். திட்ட மாட்டேன், வரும்போது மண்ணோடு வாருங்கள்.