வெள்ளிக்கிழமை அடைத்த கடன்

நான் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் கோர்ட்டுத் தீர்ப்பை வைத்து ஒரு வட்டிக்காரரை மடக்கியவன் கிள்ளானில் என்னைத் தவிர வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஜப்பான் சண்டைக்கு முன்பு, மாடு வாங்குவதற்காகப் பிரிக்பீல்ட்ஸ் வட்டிக்காரரிடம் என் நிலப் பத்திரத்தை அடகு வைத்திருந்தேன். ஜப்பான்காரன் வந்த பிறகு பால் விற்றுச் சேர்த்ததெல்லாம் வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு. கடைசி வருடம் அதன் மதிப்பு நாளுக்கு நாள் கரைந்தது. ஜப்பான்காரன் போய்விட்டால் என் பணம் வெறும் காகிதம், நிலம் வட்டிக்காரருக்கு.

அப்போதுதான் கோர்ட்டில் ஒரு தீர்ப்பு வந்தது: பழைய கடனுக்கும் ஜப்பான் நோட்டை வாங்கித்தான் ஆக வேண்டும், பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். ஆனால் ஆள் கையில் சிக்கினால்தானே கொடுப்பதற்கு! கடன் வாங்கியவனைக் கண்டு கடன் கொடுத்தவன் ஒளிந்த காலம் அது. டயருக்குப் பதில் ரப்பர் குழாய் மாட்டிய சைக்கிளில் மூன்று முறை போனேன்.

"அவரு பத்துமலைக் கோயிலுக்குப் போயிருக்காரு" என்பார் அவர் மனைவி. கதவுக்குப் பின்னால் அவருடைய இருமல் கேட்கும்.

"மலையிலேயே குடியேறிட்டாரா அக்கா?" என்று மூன்றாம் முறை போனபோது கேட்டுவிட்டுத் திரும்பினேன். அன்று தூக்கம் வரவில்லை.

நான்காம் முறை வெள்ளிக்கிழமை காலையில் போனேன். சாட்சிக்கு என் பக்கத்து மாட்டுக் கொட்டகைக்காரர். பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள்; நடுவில் அசலும் வட்டியும்.

"இந்தாங்க அக்கா" என்று நீட்டினேன். அந்த அம்மாளின் கைகள் தானாக வந்தன. வாங்கிக் கண்ணில் ஒற்றி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார்.

"அடியே, வாங்காத!" என்று உள்ளேயிருந்து ஒரு சத்தம்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா, வீடு தேடி வந்த லட்சுமியைப் போன்னு சொல்லவா?"

வட்டிக்காரர் கைலியை இறுக்கிக்கொண்டு ஓடி வந்தார். "டேய், நான் குடுத்தது வெள்ளக்காரன் காசு! இந்த வாழமரத்த வச்சு நான் என்னடா செய்ய?"

"இதே வாழமரத்துக்குத்தான் மொதலாளி, மூணு வருசமா நான் பால் கறந்தேன். சாட்சி நிக்கிறாரு. கோர்ட்டுக்குப் போவமா?"

 

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் தட்டைத் திருப்பிக் கொடுக்க அசையவில்லை. கடைசியில் வட்டிக்காரர் பெட்டியைத் திறந்து, பத்திரத்தைத் தரையில் வீசினார். குனிந்து எடுத்தேன். எழுத்துக் கூட்டவில்லை, அடகு வைக்கும் முன்பே என் பழைய மாடு மென்றிருந்த மூலையைத் தடவிப் பார்த்தேன். என்னுடையதுதான்.

மறுமாதம் ஜப்பான்காரன் தோற்றான். நிலம் என்னிடம் இருக்கிறது. தட்டை மட்டும் நான் திருப்பிக் கேட்கவில்லை.