பின் சீட்டிலிருந்து வந்த சத்தம்

பேய், ஆவின்னு எவனாவது பேச ஆரம்பிச்சா எழுந்து போயிடற ஆளு நான். கன்டெய்னர் யார்டுல எத்தனையோ வருஷமா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறேன், அடுக்கி வச்ச பெட்டிங்களுக்கு நடுவுல வெள்ளையா ஒண்ணு போச்சுன்னு செக்யூரிட்டி சொல்லுவார், பிளாஸ்டிக் கவரா இருக்கும்யான்னுட்டு டீ குடிக்கப் போயிடுவேன். அதனால இதை நீங்க நம்பியே ஆகணும்னு நான் கேக்கல. உங்க இடத்துல நான் இருந்தா, சொல்றவன் மூஞ்சியைப் பார்த்து, பாவம், சரியா தூக்கம் இல்லாத ஆளு போலன்னு நினைச்சுக்குவேன். ஆனா நடந்தது நடந்ததுதான், அதுவும் பட்டப்பகல்ல.

முதல்ல என் காதைப் பத்தி சொல்லிடறேன், இல்லன்னா எதுவும் புரியாது. எனக்கு இடது காது கேக்காது. மந்தம்னு இல்ல, சுத்தமா செத்துப்போச்சு. இருபது வயசுல கப்பல் ரிப்பேருக்கு வேலைக்குப் போனேன், கப்பலோட தொட்டிக்குள்ள இறங்கி நாள் முழுக்க சுத்தியலால துரு தட்டணும், நாலு பேர் தட்டற சத்தம் வெளிய போக வழியில்லாம உள்ளயே சுத்திக்கிட்டிருக்கும், மூணு வருஷத்துல காது போச்சு. ஒத்தக் காதுக்காரனுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சத்தம் கேக்கும், எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு தெரியாது. பின்னாடி ஹாரன் அடிச்சா நான் முன்னாடி பார்ப்பேன். யார்டுல சேரும்போது இதை நான் சொல்லல, சொன்னா வண்டியைக் கையில குடுக்கமாட்டாங்க. என் பொண்டாட்டிக்குத் தெரியும், தண்டையார்பேட்டையில என் பைக்கை ரிப்பேர் பார்க்கற தேவராஜ் அண்ணாவுக்குத் தெரியும், ஸ்டீபனுக்கும் அவன் மூலமா அவன் பொண்டாட்டி ரோசிக்கும் தெரியும். அவ்ளோதான்.

ஸ்டீபன் என் தோஸ்து, அதே யார்டுல பெட்டி நம்பர் எழுதற வேலை. எனக்கு ராயபுரம், அவனுக்கு காசிமேடு. பதினோரு வருஷமா காலைல காசிமேடு பஸ் ஸ்டாப்புல நிப்பான், நான் பைக்குல ஏத்திக்கிட்டு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல போவேன். அந்த ரோடு தெரிஞ்சவங்களுக்கு டிரெய்லர் லாரிங்க எப்படி வரும்னு சொல்ல வேணாம், வலது பக்கம் வராம இடது பக்கமா உரசிக்கிட்டு ஏறும், எனக்கோ இடது காது அவுட். அதுக்கு ஸ்டீபன் ஒரு வழி பண்ணினான். அவன் இடது கையில மாதா உருவம் போட்ட கனமான வெள்ளி மோதிரம் இருக்கும். சீட்டுக்குப் பின்னாடி இருக்கற கைப்பிடிக் கம்பியில அதால தட்டுவான். ஒரு தட்டுன்னா வழி காலி, போ. ரெண்டு தட்டுன்னா இடது பக்கம் லாரி வருது, அப்படியே பிடி. தட்டித் தட்டி கம்பியில அந்த இடத்துல பாலிஷ் போயி ஒரு சின்னக் குழியே விழுந்திருந்தது. பதினோரு வருஷம் என் இடது காது அவன்தான்.

அப்படிப்பட்டவன்கிட்ட நான் நடந்துக்கிட்ட விதத்தை இப்ப நினைச்சா என்னையே செருப்பால அடிச்சுக்கலாம்னு இருக்கு. யார்டு கேட்டுக்கு வெளிய ஒரு டீக்கடை. ஒரு நாள் வண்டியை நிறுத்தும்போது ஸ்டீபன் பழக்க தோஷத்துல ரெண்டு தட்டு தட்டிட்டான். அங்க நின்ன ஒருத்தன், வாய் சும்மா இருக்காத ஆளு, "இன்னா மோகன், பின்னாடி மேளம் அடிச்சாதான் உன் வண்டி போவுமா? காது கீது கேக்காதா?"ன்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. பக்கத்துல புதுசா வந்த சூப்பர்வைசர் சிரிக்காம என்னையே பார்த்துக்கிட்டு நின்னாரு. வேலை போச்சுன்னே நினைச்சேன். அந்த பயம் அப்படியே கோவமா மாறி ஸ்டீபன் மேல பாஞ்சுது.

"தட்டாதன்னு எத்தினி தபாடா சொல்றது உனுக்கு? பேஜாரா கீது. நாளையிலருந்து பஸ்ல வா"ன்னேன். ஒரு தடவைகூட நான் அப்படிச் சொன்னதில்ல.

அவன் டீ கிளாஸைக் கழுவி வச்சுட்டு, "சரி மாமு"ன்னான்.

மறுநாளே ஏத்திக்கிட்டிருக்கலாம். வீம்பு. அஞ்சு நாள் அந்த பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போது ரோட்டைப் பார்த்தே போனேன். ஆறாவது நாள் ஓரக்கண்ணால பார்த்தேன், அவன் கையைப் பாதி தூக்கினான், வாய் அசைஞ்சுது. ஆஹா, இப்ப இறங்கி வர்றான் பாருன்னு ஒரு அல்ப சந்தோஷம். இன்னும் ஒரு நாள் போகட்டும்னு ஆக்சிலேட்டரை முறுக்கிட்டேன்.

யார்டுல போய் ஹெல்மெட்டைக் கழட்டறதுக்குள்ள போன் வந்துடுச்சு. ஸ்டீபன் பஸ் ஸ்டாப் பெஞ்சுலயே சாஞ்சிருக்கான், மார்வலி, ஆட்டோவுல ஏத்தும்போதே உயிர் இல்லையாம். வீட்டுல அவனைக் கிடத்தியிருந்தபோது ரோசி என்கிட்ட, "அண்ணா, நீங்க அந்தப் பக்கம்தான போவீங்க, அவர பாக்கலியா?"ன்னு கேட்டா. "இல்லமா, நான் மணலி வழியா சுத்திப் போயிட்டேன்"ன்னேன். பொய், அதுவும் பொணத்துக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு. மோதிரம் விரல்ல இருந்து வரல, அதோடயே பெட்டியை மூடினாங்க, நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்.

முப்பதாம் நாள் பூசை முடிஞ்ச மறுநாள் காலைல சத்தம் ஆரம்பிச்சுது. டக் டக். கொஞ்ச தூரம் ஒண்ணும் இருக்காது, அப்புறம் திரும்ப டக் டக். உங்களுக்கு இந்நேரம் புரிஞ்சிருக்கும். எனக்கும் உள்ளுக்குள்ள புரிஞ்சுதுதான், ஆனா ஒத்துக்கல, வண்டியில சத்தம் வந்தா வண்டியிலதான் ஏதோ லூஸா இருக்கணும்னு பிடிவாதம். செயினை இறுக்கினேன். செயின் கவரைக் கழட்டிப் போட்டேன். நம்பர் பிளேட்டுக்குப் பின்னாடி ரப்பர் வச்சேன், ஸ்டாண்ட் ஸ்பிரிங்கை மாத்தினேன், சீட்டுக்கு அடியில இருந்த ஸ்பானரைத் துணியில சுத்தி வச்சேன். சத்தம் நிக்கல. எந்தப் பக்கம்னு தெரியாத ஒருத்தன் சத்தத்தைத் தேடினா எப்படி இருக்கும், வண்டியைச் சுத்திச் சுத்தி வந்ததுதான் மிச்சம்.

தேவராஜ் அண்ணாகிட்ட கொண்டு போனேன். அவர் ஓட்டிப் பார்த்தாரு, சத்தம் இல்ல. நான் ஓட்ட அவர் பின்னாடி உக்காந்தாரு, அப்பவும் இல்ல. அவர் இறங்கின உடனே நான் தனியா ஒரு சுத்து போனேன், டக் டக். "ஆள் உக்காந்தா வெயிட்டுல அமுங்கிக்குதுபா, ஷாக் அப்சார்பர் கிட்ட இன்னாவோ இடிக்குது"ன்னாரு. நியாயமான பேச்சு. அதனால பின் சீட்டுல ஒரு முழு சிமெண்ட் மூட்டையைக் கட்டி ஓட்டிப் பார்த்தேன். மூட்டைக்கு சத்தம் நிக்கல. நான் ஓட்டும்போது, பின்னாடி மனுஷன் உக்காந்தா மட்டும்தான் நிக்குது. நம்பினா நம்புங்க, இல்லன்னா தேவராஜ் அண்ணாவையே கேளுங்க, அவர் இன்னும் அதே ஷெட்டுலதான் இருக்காரு.

ரெண்டு நாள் கழிச்சு அவர் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டுல போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூ டிரைவரை என் கையில குடுத்தாரு. முனையை ஒவ்வொரு இடமா வச்சு, பிடியைக் காதுல ஒட்டிக் கேக்கணும், மெக்கானிக்குங்க பண்றதுதான், எங்க கோளாறோ அங்க சத்தம் தனியா கேக்கும். நான் இடது பக்கம் குத்துக்கால் போட்டு உக்காந்து ஒவ்வொண்ணா வச்சுக்கிட்டே பின்னாடி வந்தேன். எதுலயும் சத்தமே இல்ல. கைப்பிடிக் கம்பியில, அந்தக் குழி மேல வச்ச உடனே, டக் டக். மண்டைக்குள்ளயே யாரோ தட்டற அளவுக்குத் தெளிவு.

"ணா, இங்கதாண்ணா"ன்னேன்.

அவர் வாங்கி வச்சுக் கேட்டாரு. "ஒண்ணியும் இல்லியே." திருப்பி என்கிட்ட குடுத்தாரு. வச்சேன். டக் டக். அவர் என் மூஞ்சியையே பார்த்தாரு, அப்புறம் ரொம்ப மெதுவா கேட்டாரு.

"மோகனு, எந்தக் காதுல வச்சிகினு கீற நீ?"

இடது காதுல வச்சிருந்தேன்.

வலது காதுக்கு மாத்தினேன். ஒண்ணுமில்ல. மறுபடி இடது காதுக்குக் கொண்டு வந்தேன், டக் டக். இருபத்தஞ்சு வருஷமா ஒரு சத்தமும் போகாத காது. தேவராஜ் அண்ணா எழுந்து இன்ஜினை ஆஃப் பண்ணினாரு. இன்ஜின் நின்னப்புறமும் ஒரு தடவை கேட்டுது. "இன்னிக்கு வூட்டுக்குப் போ, நாளைக்குப் பாத்துக்கலாம்"னாரு, அவரும் அன்னிக்கு ஷெட்டை சீக்கிரமே மூடிட்டாரு.

மறுநாள் காலைல வேலைக்குப் போகாம இருக்க முடியுமா, போனேன். திருவொற்றியூர் தாண்டி, கடல் ஓரமா கல்லு கொட்டியிருக்கற இடத்துல, ரோட்டுல பெரிய பள்ளம், தண்ணி நின்னுது. அதைத் தவிர்க்க இடது பக்கம் ஒதுங்கப் போனேன், ஹேண்டிலைத் திருப்பக்கூட ஆரம்பிச்சுட்டேன். டக் டக். கை தானா நின்னுடுச்சு, பதினோரு வருஷப் பழக்கம். பள்ளத்துலயே இறங்கினேன். அதே நொடி, நான் ஒதுங்க இருந்த இடத்துல, பெட்டி ஏத்தின டிரெய்லர் ஒண்ணு ஹாரன்கூட அடிக்காம இடது பக்கமா போச்சு. அதோட காத்துலயே என் வண்டி ஆடிச்சு.

ஓரமா நிறுத்திட்டேன். அந்த நேரத்துல வேற எவனா இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பான். எனக்கு வந்தது பயம்கூட இல்ல, அவமானம். அவன் கையைத் தூக்கினப்ப பார்த்தும் பார்க்காத மாதிரி போனவன் நான், அவன் செத்தும் என் பின்னாடி உக்காந்து எனக்கு வழி சொல்றான். அதை என்னால தாங்க முடியல. காலி சீட்டைத் திரும்பிப் பார்த்துக் கத்தினேன். என்ன கத்தினேன்னா, வாயில வந்தது அதே வார்த்தைதான். "தட்டாதடா, பேஜாரா கீது."

அதோட நின்னுடுச்சு. யார்டு வரைக்கும் ஒரு சத்தம் இல்ல. அன்னிக்கு சாயந்திரமே தேவராஜ் அண்ணாகிட்ட போய் அந்தக் கம்பியைக் கழட்டச் சொன்னேன், அவர் அதை காயலாங்கடைக்குப் போற பழைய இரும்பு மூட்டையில போட்டாரு.

வண்டியில சத்தம் போனா நிம்மதி வரணும், எனக்கு சோறு இறங்கல. நேரா ரோசிகிட்ட போய் அவன் தூக்கின அந்தக் கையைப் பத்தி சொல்லிடணும், திட்டட்டும், மூஞ்சியில காறித் துப்பட்டும்னு ஒரு ஞாயித்துக்கிழமை பூசை முடியற நேரமாப் பார்த்துப் போனேன். டீ போட்டுக் குடுத்தா. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவளே ஆரம்பிச்சா.

"அண்ணா, அவர் கடைசியா எனுக்கு போன் பண்ணார்ணா. நெஞ்சு ஒரு மாதிரி கீது, திரும்பி வூட்டுக்கு வரேன்னாரு. மோகன் இப்பதான் போனான், கூப்ட்டேன், இடது பக்கம் நின்னு கூப்ட்டா அவனுக்கு எங்க கேக்கும், பாவம்னு சொல்லி சிரிச்சாரு. நீங்க மணலி வழியா போனேன்னீங்களே, வேற யாரையோ பாத்துட்டு நீங்கன்னு நினைச்சுகினாரு போல."

அவன் கடைசி வரைக்கும் என் காது மேலதான் தப்புன்னு நினைச்சிருக்கான். காது கேக்கலதான், அது நிஜம். ஆனா கண்ணு நல்லாத்தான் இருந்தது. அதை ரோசிகிட்ட சொல்ல முடியாம, டீயைக் குடிச்சுட்டு வந்துட்டேன். இன்னைக்கு வரைக்கும் சொல்லல, உங்ககிட்டதான் முதல் தடவையா சொல்றேன்.

அங்கிருந்து நேரா தண்டையார்பேட்டை போனேன். பழைய கம்பியைக் கேட்டேன், அது எப்பவோ எடைக்குப் போயிடுச்சு. புதுசு வாங்கி மாட்டினேன், கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தது. தினம் காலைல காசிமேடு பஸ் ஸ்டாப்புல ரெண்டு நிமிஷம் வண்டியை நிறுத்திட்டுத்தான் போறேன், வழியில "தட்டுடா, தப்பு என்மேலதான்"னு சத்தமாவே சொல்லியிருக்கேன், பக்கத்து வண்டிக்காரன் பைத்தியம்னு பார்ப்பான். ஒண்ணும் கேக்கல. ஸ்க்ரூ டிரைவரை வச்சும் பார்த்துட்டேன், இடது காது பழையபடி செத்த காதுதான்.

புதுக் கம்பி மாட்டி ஒன்றரை வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் என் பின் சீட்டுல ஒரு ஆளையும் ஏத்தல, என் பொண்டாட்டி உட்பட. போன வாரம் வண்டியைக் கழுவும்போது துணி ஒரு இடத்துல சிக்கிச்சு. குனிஞ்சு பார்த்தேன். புதுக் கம்பியில, இடது பக்கம், அதே இடத்துல பாலிஷ் போயி ஒரு சின்னக் குழி விழுந்திருக்கு. அப்படின்னா அவன் தட்டிக்கிட்டுத்தான் வர்றான், தினமும். எனக்குத்தான் இப்ப கேக்கல.