உங்க பொண்ணை மட்டும் கார்ல விட்டுடுங்க

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆகஸ்ட் மாதக் கடைசி. அபுதாபி வெயிலைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் இருப்பவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்க இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. அந்த வார இறுதியில் எங்கள் அலுவலகம் என்னையும் என் மேனேஜரையும் ஒரு பயிற்சி வகுப்புக்கு அனுப்பியது.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். ஒரு செயலி மக்கள் கைக்குப் போகும் முன்பு அதில் எங்கே ஓட்டை என்று தோண்டித் துருவிக் கண்டுபிடிப்பது என் வேலை. "அங்க சம்பளம் குடுத்துக் குறை சொல்லச் சொல்றாங்க, வீட்டுல இலவசமா சொல்ற" என்று என் கணவர் கிண்டல் செய்வார். இது பல வருடம் இதே தொழிலில் இருப்பவர்களுக்கான உயர்நிலை வகுப்பு. எந்தக் கோளாறு எவ்வளவு ஆபத்தானது என்று எடை போடவும், அதை மேலே இருப்பவர்கள் காதில் ஏறும்படி சொல்லவும் கற்றுத் தருவார்கள். நடத்தியவர் தோஹாவிலிருந்து வந்திருந்த யாழ்ப்பாணத்துப் பெண்மணி.

மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். எங்கள் கட்டடத்திலேயே மேல் மாடியில் குடியிருக்கிறார். தீபாவளிக்கு அவர் வீட்டு முறுக்கு எங்கள் வீட்டுக்கு வரும், எங்கள் அதிரசம் அங்கே போகும். நல்ல மனிதர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆனால் அந்த மாதம் முழுவதும் எனக்கும் அவருக்கும் ஒரு விஷயத்தில் முட்டிக்கொண்டே இருந்தது.

என் மகள் படிக்கும் பள்ளிக்கு நாங்கள் ஒரு பஸ் செயலி செய்துகொண்டிருந்தோம். குழந்தைகள் ஏறும்போதும் இறங்கும்போதும் பஸ்ஸில் இருக்கும் டேப்லெட்டில் அட்டையைக் காட்ட வேண்டும். யாராவது இறங்காமல் உள்ளே இருந்தால் 'வண்டி காலி' என்ற பட்டனை டிரைவர் அழுத்த முடியாது, டேப்லெட் கத்தும். சின்னக் குழந்தைகள் பஸ்ஸிலேயே தூங்கிவிட்டால் இந்த ஊர் வெயிலில் என்ன ஆகும் என்பதை நினைத்துத்தான் பள்ளி இதைக் கேட்டிருந்தது.

நான் கண்டுபிடித்த கோளாறு இதுதான். வழியில் ஒரு பஸ் நின்றுபோய் குழந்தைகளை வேறு பஸ்ஸில் ஏற்றினால், அங்கே திரும்ப அட்டையைக் காட்டினாலும் பெயர்கள் பழைய பஸ்ஸிலேயே தங்கிவிடும். புது பஸ்ஸின் டேப்லெட்டைப் பொறுத்தவரை உள்ளே யாருமே இல்லை. பின் சீட்டில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாலும், பச்சை விளக்கு போட்டு 'வண்டி காலி' என்று சொல்லிவிடும்.

மேனேஜரிடம் சொன்னேன். "பஸ் எத்தனை தடவைம்மா நின்னு போகப் போகுது? அடுத்த வெர்ஷன் ரிலீஸ்ல பார்த்துக்கலாம்" என்று என் புகாரை மூடிவிட்டார். திரும்பவும் எழுப்பினேன், திரும்பவும் மூடினார். எவ்வளவு ஆபத்து என்று அவருக்குப் புரியவில்லை, எனக்குத்தான் சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்று நம்பினேன். உண்மையில் அந்த வகுப்புக்கு நான் ஆசையாகப் போனதே அதற்காகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பயிற்சி. ஜோடி ஜோடியாக உட்கார்ந்து, வேலை இடத்தில் பார்த்த ஒரு கோளாறைப் பற்றி எல்லோர் முன்னாலும் வாதம் செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் நடந்த வகுப்புதான், ஆனால் எங்களைப் பார்த்ததும் ஆசிரியை தமிழுக்கு மாறினார்.

"நீங்கள் ரெண்டு பேரும் கதிரையை மாத்தி இருங்கோ. மனேஜர் டெஸ்டர் ஆகட்டும். பிள்ளை, நீங்கள் மனேஜர்."

வேண்டுமென்றே அந்த பஸ் கோளாறையே எடுத்துப் போட்டேன். பள்ளிப் பெயரைச் சொல்லவில்லை. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு சிரித்துக்கொண்டே எழுந்தார். பேச்சில் மன்னன் அவர். கூட்டம் என்று ஒன்று இருந்தால் கைதட்டல் வாங்காமல் உட்கார மாட்டார்.

நான் அவருடைய வசனத்தையே அவரிடம் சொன்னேன். பஸ் எத்தனை தடவை நிற்கும்? டிரைவரோ பஸ்ஸில் வரும் ஆயாவோ எப்படியும் கடைசி சீட்டு வரை நடந்து பார்க்க வேண்டும் என்பது விதிதானே? அடுத்த ரிலீஸில் பார்த்துக்கொள்வோமே?

அவர் எல்லோருக்கும் புரியும்படி ஆங்கிலத்தில், குரலைத் தாழ்த்திக்கொண்டு பேச ஆரம்பித்தார். "இந்த டேப்லெட் வர்றதுக்கு முன்னாடி டிரைவரோ ஆயாவோ நடந்து போய்ப் பார்த்தாங்க. இப்போ மிஷின் பச்சை காட்டுது. பச்சையைப் பார்த்தப்புறம் யார் சார் பின்னாடி நடப்பாங்க? நம்ம செயலி இல்லாம இருந்தா அந்தக் குழந்தை பிழைச்சிருக்கும். நாம ஒண்ணுமே செய்யாம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு ஆகிடும்."

மூடின பஸ்ஸுக்குள் சூடு எப்படி ஏறும், குழந்தை எழுந்து எந்தக் கதவைத் தட்டும், வீட்டில் அம்மாவின் போனில் அதே நேரத்தில் செயலியிலிருந்து 'குழந்தை பத்திரமாக இறங்கியது' என்ற செய்தி எப்படி வரும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இதில் பாதி எனக்கே தோன்றாதவை. எனக்கு முன்னால் இருந்த ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் தட்டவில்லை. எனக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எரிந்தது. இந்த மனிதருக்குப் புரியவில்லை என்றா இத்தனை நாள் இருந்தேன்? என்னை விட நன்றாகப் புரிந்திருக்கிறது! எல்லாம் தெரிந்துதான், ரிலீஸ் தேதி தள்ளிப்போகக் கூடாது என்பதற்காக மூடியிருக்கிறார்.

டீ இடைவேளையில் அவரே என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். இல்லை, முகத்தில் உண்மையான அக்கறை. குரலை இறக்கி, "பாருங்கம்மா, மனசுல வெச்சுக்காதீங்க. ஒண்ணு செய்யுங்க. அடுத்த ரிலீஸ் வர்ற வரைக்கும் உங்க பொண்ணை மட்டும் கார்ல விட்டுடுங்க. என் பையனை நான் எப்பவும் கார்லதானே விடறேன்" என்றார்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் தலை 'சரி' என்று ஒரு முறை ஆடியேவிட்டது. என் மகள் சீட்டில் உட்கார்ந்த மறுநிமிடம் தூங்கிப்போகும் ரகம். அவளைப் பற்றிய பயம் அப்படி ஆட வைத்தது. அடுத்த நொடியே அவளோடு பஸ்ஸுக்கு நிற்கும் எதிர்வீட்டு இரட்டைக் குழந்தைகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்கள் அம்மாவின் காதில் யார் போய்ச் சொல்வது? டீயை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். பின்னாலேயே வந்த ஆசிரியையிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

கேட்டுவிட்டு, "அங்க அவர் கதைச்சது வகுப்புக்கு. நாளைக்கு ஒஃபீஸில கதைக்க வேண்டியது நீங்கள்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் திங்கட்கிழமை, செயலியைத் தொடங்கி வைப்பதற்கான கடைசிக் கூட்டம். பள்ளி நிர்வாகத்திலிருந்து ஒரு அரபுப் பெண்மணி வந்திருந்தார். மேனேஜர், "எல்லாம் ரெடி" என்று முடித்ததும் நான் வாயைத் திறந்தேன். என் கணவருக்கு அப்போது வேலை இல்லை; குடும்பம் முழுக்க என் விசாவில்தான் இருந்தது. என் வேலை போனால் எல்லோரும் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்று தெரிந்தும் பேசினேன். பஸ் அபூர்வமாகத்தான் நிற்கும் என்று அந்தக் கோளாறை அப்படியே விட்டிருக்கிறோம் என்றேன். முந்தின நாள் மேனேஜர் வகுப்பில் சொன்னதை ஒரு வரி விடாமல் சொன்னேன். யார் சொன்னது என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

அந்தப் பெண்மணி மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். "பஸ் அபூர்வமாகத்தான் நிற்கும் என்றா நினைத்தீர்கள்? வெயில் காலத்தில் என் வண்டிகளில் எது ரோட்டில் ஓடுகிறது, எது முசஃபா தொழிற்பேட்டை கராஜில் கிடக்கிறது என்று எனக்கே தெரியாது. ஏசி நின்றால் உடனே வண்டி மாற்றுவோம்" என்றவர், லேப்டாப்பைப் பட்டென்று மூடினார். "கலாஸ், முடிந்தது. சரிசெய்த பிறகு கூப்பிடுங்கள்."

என் மேனேஜர் அப்போது என்ன செய்தார் தெரியுமா? ஒரு நொடி கூடத் தடுமாறவில்லை. "ஆமாம் மேடம், எங்கள் டீம்தான் இதைக் கண்டுபிடித்தது. உங்களிடம் சொல்லத்தான் இருந்தோம்" என்றார். அந்தப் பெண்மணி அவருக்கே நன்றி சொல்லிவிட்டுப் போனார்! வெளியே வந்ததும் என்னிடம், "எங்கிட்டத் தனியா சொல்லியிருக்கலாம்லம்மா" என்று வருத்தப்பட்டார். அந்த வருடம் என் வேலை மதிப்பீட்டு அறிக்கையில், எல்லோரோடும் அனுசரித்துப் போவதில்லை என்று எழுதினார். எழுதட்டும்.

பள்ளி திறந்த அன்று பஸ்கள் டேப்லெட் இல்லாமல் பழைய முறையிலேயே ஓடின. என் மகளையும் பஸ்ஸிலேயே அனுப்பினேன். வழக்கம்போல் தூங்கிவிட்டாளாம், பஸ்ஸில் வரும் ஆயா கடைசி சீட்டு வரை நடந்து வந்து எழுப்பி இறக்கினாராம். பிறகுதான், கோளாறு தீர்ந்த செயலி வந்தது.

மேனேஜரும் நானும் இப்போதும் லிஃப்டில் பார்த்துக்கொண்டால் தலையசைப்போம். கோபம் தீரவில்லை, தீரவும் வேண்டாம். தெரியாமல் தப்புச் செய்பவர்களோடு எனக்கு இப்போதெல்லாம் சண்டையே வருவதில்லை. ஆனால் யாராவது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'நீங்க மட்டும் ஜாக்கிரதையா இருந்துக்கங்க' என்று அக்கறையாகச் சொன்னால், நன்றி சொல்ல வாய் வருவதில்லை. அந்த பஸ்ஸில் இன்னும் யார் யாருடைய குழந்தைகள் இருக்கிறார்கள் என்றுதான் கேட்கிறேன்.