கிணற்றுக் கதையை யார் சொல்வது

என் கணவரின் தங்கை, என் மச்சாள், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். நான் உயர்தரம் வரை படித்தவள். பாலர் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது என் தொழிலில் பாதி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல வருடமாக என் வயிற்றெரிச்சலுக்கு இதுதான் காரணம்.

எங்கள் ஊரில் கரைவலை இழுக்கிறவர்களின் வீட்டுப் பெண்கள் பின்னேரங்களில் வாடியில், கருவாடு போடும் கொட்டிலில், கூடுவார்கள். மீனைக் கீறி உப்புப் போடும்போது கைக்கு வேலை இருக்கும், காதுக்கு இருக்காது. அந்தக் காதுகளை மச்சாள் எடுத்துக்கொண்டுவிட்டாள். முந்தல் நூலகத்தில் எடுத்து வாசித்த நாவல்களை அவள் அங்கே சொல்லுவாள். அவள் வாய் திறந்தால் கத்திகள் மெதுவாகும். என் மகள்கூட பள்ளிக்கூடம் விட்டு நேரே தன் மாமியான அவளிடம்தான் ஓடுவாள். அதே நாவல்களை அவளுக்கு முன்பே நான் வாசித்திருப்பேன். என்னிடம் ஒருத்தரும் கேட்டதில்லை.

இந்த வருடம் சித்திரைக்கு முன்பு நூலகத்துக்குப் புதிதாக ஒரு தடித்த நாவல் வந்தது. தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பக்கம். ஒரே ஒரு பிரதி. மேசையில் அதைக் கண்டதும் பெயரைக்கூடச் சரியாகப் பார்க்காமல் கையில் எடுத்துக்கொண்டேன். திகதி முத்திரை குத்தும்போது நூலகப் பெண் சொன்னாள்:

"ரெண்டு கிழமைதான். இதுக்கு முதலே ஒரு ஆள் பதிஞ்சிருக்கா, இண்டைக்கு வரேல்ல எண்டுதான் உங்களுக்குத் தாறன். நாள் கூட்டித் தர ஏலாது."

பதிவுக் கொப்பி விரித்தபடியே கிடந்தது. குண்டு குண்டான அந்த எழுத்து யாருடையது என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. புத்தகம் மேசைக்கு வருமுன்பே மச்சாளின் பெயர் கொப்பிக்கு வந்துவிட்டது. அன்று அவள் வர முடியாமல் போனதால்தான் அது என் கையில். பஸ்ஸில் வரும்போது மனம் குளிர்ந்திருந்தது. இந்த ஒரு கதையையாவது நான்தான் சொல்வேன் என்று நினைத்தேன்.

ஒரு கிணற்றின் கதை அது. அண்ணன் தம்பி இருவர் காணியைப் பிரிக்கிறார்கள், கிணற்றைப் பிரிக்க முடியவில்லை. பேச்சு நின்று போகிறது. ஒரே கிணற்றில் இரண்டு வாளி, முப்பது வருடம். நான் வெறி பிடித்தவள் போல வாசித்தேன். சோறு வேகும்போது வாசித்தேன், பிள்ளைகள் படம் கீறும்போது வாசித்தேன். வாசித்த இடத்தில் பஸ் டிக்கெட் ஒன்றைச் செருகி வைப்பேன். அந்த டிக்கெட் பின்னுக்குப் போகப் போக எனக்குத் திமிர் கூடியது.

ஐந்தாம் நாள், மச்சாள் வராத ஒரு பின்னேரம், வாடிக்குப் போய் உட்கார்ந்தேன். ஒருத்தரும் கேட்காமலே கதையைத் தொடங்கினேன். தாத்தா யார், அவருக்கு எத்தனை பிள்ளைகள், மூத்தவன் கட்டினது யாரை, அவள் தகப்பனுக்கு எந்த ஊர் என்று ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பாலர் பாடசாலைக் குரல் எனக்கே கேட்டது. கத்திகள் ஒரு நொடியும் நிற்கவில்லை.

"என்ன டீச்சர், கிராம சேவகர் வீட்டு ஆக்களப் பதியிற மாதிரி இருக்கு," என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருத்தி ஆறுதல் சொல்ல நினைத்துச் சொன்னாள்:

"பரவாயில்ல, விடுங்க. உங்கட மச்சாள் வாசிச்சிட்டுச் சொல்லுவாதானே."

வீட்டுக்கு வந்து கைகழுவினேன். உப்பைத் தொடாத கையை ஏன் கழுவினேனோ தெரியாது.

எட்டாம் நாள் நாவலை முடித்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில் அழுதேன். அழுது முடிந்ததும் முதலில் வந்த நினைப்பு, இதை அவள் வாசித்தால் எப்படிச் சொல்லுவாள் என்பதுதான்.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்றுத் தொடங்கினால் எங்கள் பக்கத்துக் கடல் கலங்கிவிடும். கரைவலைக் குடும்பங்கள் வலையையும் சட்டி பானையையும் லொறியில் ஏற்றிக்கொண்டு கிழக்கே முல்லைத்தீவுக் கரைக்குப் போய் வாடி போடுவார்கள். திரும்பி வர மாதங்கள் ஆகும். என் கணவருக்கு இறால் பண்ணையில் வேலை என்பதால் நாங்கள் போவதில்லை. மச்சாள் போவாள். லொறி பதின்மூன்றாம் நாள் என்று முடிவாகியிருந்தது. புத்தகம் திருப்ப வேண்டியது பதினாலாம் நாள்.

ஒன்பதாம் நாள் காலையில் அவள் வந்தாள். கையில் எனக்கென்று ஒரு பார்சல் இறால்.

"முடிச்சிட்டீங்களா மச்சாள்? எனக்கு நாலு நாள் தந்தாப் போதும். நூலகத்தில மாத்திப் பதிஞ்சிட்டு, வாசிச்சிட்டு, போறதுக்கு முதல் உங்க கையிலயே தந்திருவன்."

நாலு நாள் அவளுக்குப் போதும் என்பது எனக்குத் தெரியும். அதுதான் பிரச்சினை.

"இல்ல," என்றேன். "இன்னும் நூறு பக்கம் கெடக்கு. வேலையும் கூடிப்போச்சு."

அவள் கதிரையில் கிடந்த புத்தகத்தைத் தூக்கினாள், பாரம் பார்த்தாள், தடவினாள், திரும்ப வைத்தாள்.

"அப்ப ஆறுதலா வாசிங்க," என்றாள். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாள்.

அந்த இறாலைக் கறி வைத்தேன். ருசியாகத்தான் இருந்தது. வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

பதின்மூன்றாம் நாள் லொறி போனது. நான் கையசைத்தேன். மறுநாள் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நூலகப் பெண் பதிவுக் கொப்பியில் மச்சாளின் பெயரைப் பார்த்து, "அவ ஊரில இல்லையாமே," என்று ஒரு கோடு போட்டு வெட்டினாள். நான் விரும்பியது அந்தக் கோடுதான். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு பின்னேரம் அவள் எனக்குப் போன் எடுத்தாள். பின்னால் கடல் சத்தமும் பெண்களின் சத்தமும் கேட்டன.

"மச்சாள், இஞ்ச எல்லாரும் கதை கேக்கிறாங்க. என்னட்டப் புதுசா ஒண்டும் இல்ல. அந்தப் புத்தகத்தை நீங்கதானே வாசிச்சீங்க, நீங்க சொல்லுங்க. போனை ஸ்பீக்கர்ல போடுறன்."

பத்து வருடம் நான் ஆசைப்பட்ட இடம். அவளே கதிரை போட்டுக் கூப்பிடுகிறாள்.

"ஸ்பீக்கரைப் போடாதீங்க. முதல்ல ஒண்டு சொல்லணும். அண்டைக்கு நீங்க வரேக்க நான் முடிச்சிருந்தன்."

அவள் போனோடு எழும்பிக் கடல் பக்கம் நடப்பது கேட்டது.

"தெரியும் மச்சாள். நூறு பக்கம் மிச்சமெண்டீங்க. பஸ் டிக்கெட் முன்னுக்கெல்லோ இருந்திச்சு, ரெண்டாந்தரம் தொடங்கீட்டீங்க எண்டு விளங்கிச்சு."

முடித்த மறுநிமிடமே நாவலைத் திரும்பவும் முதலில் இருந்து தொடங்கியிருந்தேன். டிக்கெட்டை முப்பதாம் பக்கத்தில் செருகியதை மறந்தே போனேன்.

"கோவமில்லையா?" என்று கேட்டேன்.

"இல்லாமலா? அநுராதபுரம் வரும் மட்டும் உங்களத் திட்டிக்கொண்டுதான் போனன். பிறகு நித்திரை வந்திட்டு." அவள் சிரித்தாள். "இப்ப சொல்லுங்க. கிணத்தில இருந்து தொடங்குங்க. ஆருக்கு ஆர் பிள்ளை எண்டு சொல்லப் போயிராதீங்க."

வாடியில் நான் பட்ட பாடும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. மன்னிக்கவும் அவளுக்குத்தான் நன்றாகத் தெரிகிறது என்று அதற்கும் எரிச்சல் வந்தது. இருந்தாலும், அவள் திரும்பிப் போய் ஸ்பீக்கரைப் போட்டதும் தொடங்கினேன். ஒரு கிணறு, இரண்டு வாளி. அவள் கதை சொல்லும்போது நிறுத்துவது போல நிறுத்தினேன், அவள் போலவே குரலைத் தாழ்த்தினேன். ஒரு மணித்தியாலம் சொன்னேன். முடிந்ததும் யாரோ மூக்கை உறிஞ்சியது கேட்டது.

பிறகு தூரத்தில் ஒரு பெண் மச்சாளிடம் சொன்னாள். போன் இன்னும் ஸ்பீக்கரில் இருப்பது அவளுக்குத் தெரியாது.

"நல்ல கதைதான். நாளைக்கு நீ ஒருக்கா சொல்லு. அப்பதான் வடிவா விளங்கும்."

என் வயிறு பழையபடி எரிந்தது. மச்சாள் போனை அணைக்கப் போனாள். நான் அவசரமாகக் கூப்பிட்டு, நாளைக்கு எத்தனை மணிக்குச் சொல்லப் போறீங்க என்று கேட்டேன்.

"ஏன் மச்சாள்?"

"போனைத் திறந்து வைங்க," என்றேன். "எனக்கும் கேக்கணும்."