தாழ்ப்பாளின் போனில் ஒரு நம்பர்

அலுவலகத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் தாழ்ப்பாள். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, ஆனால் அவருக்குத் தெரியும். காது கேட்கும் கருவி விற்கிற கம்பெனி அது. வாங்கியவர்களின் பெயர், போன் நம்பர், வீட்டு முகவரி, எந்தக் காது எவ்வளவு மந்தம் என்பது வரை எல்லாம் கிளவுடில் கிடக்கின்றன. அதை யார் பார்க்கலாம், எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், சட்டம் எங்கே காலை வாரும் என்று பார்த்துக்கொள்வதுதான் தாழ்ப்பாளின் உத்தியோகம். மற்றவர்கள் ஆசை ஆசையாகச் செய்யக் கிளம்புகிற எல்லாவற்றுக்கும் ‘கூடாது’ என்று சொல்ல ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அவர் நிலைமை.

விற்பனைப் பிரிவுக்காரர்கள் ஒருமுறை வாடிக்கையாளர் பட்டியல் முழுவதையும், லிங்க் கிடைத்த எவரும் திறந்து பார்க்கிற மாதிரி போட்டுவைத்திருந்தார்கள். அவர் கண்ணில் பட்டதும் இழுத்து மூடினார். நியாயமாகப் பார்த்தால் கம்பெனி அவருக்கு மாலை போட்டிருக்க வேண்டும். விற்பனை மேனேஜர் அன்றிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்.

அதையாவது தள்ளிவிடலாம். மெக்கானிக் விஷயம்தான் பெரிதாகப் போய்விட்டது. வீடு வீடாகப் போய்க் கருவியைச் சரிபார்க்கிற மனிதர் அவர். வாடிக்கையாளர் நம்பர்களைத் தன் சொந்த போனில் சேமித்து வைத்திருந்தார். அந்த போன் தொலைந்தால் அத்தனை பேர் விவரமும் தெருவுக்கு வந்துவிடும். சொந்த போனில் ஒரு நம்பர்கூட இருக்கக்கூடாது என்று விதி எழுதியவரே தாழ்ப்பாள்தான். மேலிடத்துக்கு எழுதிக்கொடுத்தார். மெக்கானிக்கைத் தூக்கிக் கிடங்கில் போட்டார்கள். அதற்குப் பிறகு சாப்பாட்டு மேஜையில் தாழ்ப்பாள் வந்து உட்கார்ந்தால் பேச்சு சட்டென்று நின்றுவிடும். அவரும் மனிதர்தானே, வலித்தது. டப்பாவைத் தன் இடத்திலேயே திறந்து சாப்பிடப் பழகிக்கொண்டார்.

வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? மகளுக்குக் குழந்தை பிறந்தபோது உதவிக்கென்று வெளிநாடு போன மனைவி, பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் திரும்பி வரவில்லை. சண்டை என்று ஒன்றுமில்லை. “உங்ககிட்ட பேசறதும் கெணத்துல கல்லப் போடறதும் ஒண்ணுதான்” என்று முன்பே சொல்லியிருந்தார், அவ்வளவுதான். வீடியோவில் பேத்தி “ஹாய் தாத்தா” என்று சொல்லிவிட்டு ஓடும். பிறகு இவர் இருட்டான திரையில் தன் மூக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். வேறு யாரும் கூப்பிடுவதில்லை. தெரியாத நம்பர் என்றால் எடுக்கவே மாட்டார். தப்பித்தவறி எடுத்துவிட்டால் முதல் கேள்வியே “என் நம்பர் உங்களுக்கு எப்படிக் கெடச்சுது?” என்பதுதான். கடன் தருகிறேன் என்று வந்தவர்கள் அதோடு ஓடிவிடுவார்கள்.

‘என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள்?’ என்று எந்த வாடிக்கையாளரும் கேட்கலாம் என்கிறது சட்டம். அதற்கென்று கம்பெனியில் தனியாக ஒரு போன் உண்டு. வருகிற பேச்செல்லாம் பதிவாகும். அதிலிருந்து வெளியே கூப்பிட முடியாது. பேச்சே வராததால் பல காலம் அதன்மேல் தூசிதான் பதிவாகிக்கொண்டிருந்தது. ஒரு புதன்கிழமை அது மணியடித்தது. கூப்பிட்டது தையல்கடை நடத்துகிற ஒரு பெண்மணி.

“என் காதப் பத்தின விவரமெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?”

“கிளவுட்லம்மா. அதாவது, இன்னொரு கம்பெனி கம்ப்யூட்டர்ல நாங்க வாடகைக்கு இடம் எடுத்திருக்கோம்.”

“அப்ப என் காது வாடகை வீட்ல இருக்குன்னு சொல்லு. வீட்டுக்காரன் உள்ள வந்து எட்டிப் பாத்தா?”

தாழ்ப்பாளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இந்தக் கேள்வியை முதலாளிகூட அவரிடம் கேட்டதில்லை. பூட்டிய பெட்டியாகத்தான் வைத்திருக்கிறோம், வீட்டுக்காரருக்குப் பெட்டி தெரியும், உள்ளே இருப்பது தெரியாது, சாவி நம்மிடம் என்று மளமளவென்று சொன்னார். மூச்சு வாங்கியது. அவ்வளவு பேசி எத்தனையோ நாளாகியிருந்தது.

“சாவிய பெட்டி மேலேயே வச்சிட மாட்டீங்களே?”

“சேச்சே! அது வேற எடத்துலம்மா.”

அடுத்த புதன்கிழமையும் கூப்பிட்டார். அதற்கடுத்த புதனும். கேட்க வேண்டிய கேள்விகள் தீர்ந்த பிறகும் அழைப்பு நிற்கவில்லை. “அளவு குடுக்க வர்றவங்க இடுப்பு எவ்வளவுன்னு நான் வெளிய சொல்லுவேனா? சொன்னா ஊர்ல பாதிக் குடும்பம் ரெண்டாயிடும். நானும் உன்ன மாதிரிதான் தம்பி” என்றார் ஒருநாள். தாழ்ப்பாள் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த மேஜைக்காரர் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தார். அன்றிலிருந்து அந்தப் பெண்மணி ‘அக்கா’ ஆனார். புதன்கிழமைக்கென்று தாழ்ப்பாள் நல்ல சட்டையை எடுத்து வைக்க ஆரம்பித்தார். போனில் சட்டை தெரியாது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

ஒரு புதன்கிழமை அழைப்பு வரவில்லை. வியாழனும் வரவில்லை. வெள்ளிக்கிழமை அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து, அக்காவின் விவரத்தில் இருந்த நம்பரைப் பார்த்து, தன் சொந்த போனில் கூப்பிட்டார்.

“அட, நீயா தம்பி! ஒண்ணுமில்ல, காய்ச்சல். எனக்காகவா கூப்பிட்ட?”

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை அவர் அன்று முழுக்க வைத்துக்கொண்டிருந்தார். நம்பரை ‘அக்கா’ என்று சேமித்தும் வைத்தார். ஆமாம், அந்த விதியை எழுதிய அதே ஆள்தான். மறுபடி அதில் கூப்பிடும் துணிச்சல் அவருக்கு வரவில்லை. சாப்பிடும்போது போனைத் திறந்து அந்தப் பெயரைப் பார்ப்பார், மூடுவார்.

பிறகு ஒரு புதன்கிழமை அக்கா சொன்னார்: “கடைய மூடிட்டேன் தம்பி. பையன் வீட்டுக்கே போறேன். அவன் எனக்கு வேற கம்பெனி காது மிஷின் வாங்கிட்டான். உங்ககிட்ட இருக்கற என் விவரத்த எல்லாம் அழிச்சிடச் சொல்றான். அழிச்சிடலாம்ல?”

“அழிச்சிடலாம்க்கா. உங்க உரிமை அது. பில்லுல பேர் மட்டும் வரிக்காக இருக்கும். மத்ததெல்லாம் இன்னைக்கே போயிடும்.”

“அப்ப என் நம்பர்?”

“எங்கேயும் இருக்காது.”

“அப்படியா” என்றார் அக்கா. “அக்கா” என்றார் தாழ்ப்பாள்.

“சொல்லு தம்பி.”

பேச்சு பதிவாகிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளரிடம் சொந்தக் காரியம் பேசக்கூடாது; அதுவும் அவர் எழுதியதுதான். “கன்ஃபர்மேஷன் மெயில் வரும்க்கா” என்றார்.

“சரிப்பா. ஒடம்பப் பாத்துக்கோ.”

அழிக்கும் வேலை சிறிது நேரத்தில் முடிந்தது. காது போனது, முகவரி போனது, புதன்கிழமைப் பேச்சுகளும் போயின. ‘பில்லில் உள்ள பெயர் தவிர, இவரது விவரத்தின் பிரதி எங்கும் இல்லை’ என்ற சான்றிதழில் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. பேனாவை எடுத்தவர் கீழே வைத்தார். சட்டைப் பையில் ஒரு பிரதி இருந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. கேட்க வேண்டியவரும் அவர்தான், பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

எழுந்து கிடங்குக்குப் போனார். மெக்கானிக் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்.

“அந்த நம்பரெல்லாம் எதுக்கு வச்சிருந்தீங்க?” இதை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். “வயசானவங்க சார். ராத்திரி மிஷின் நின்னுபோனா பயந்துடுவாங்க. கூப்பிட்டா யார்னு தெரியணும்ல? அதான்.”

“எல்லாத்தையும் அழிச்சிட்டீங்களா?”

“நீங்க சொன்னீங்களே சார். அழிச்சிட்டேன்.” மறுபடி லேபிளை எடுத்தார்.

தாழ்ப்பாளுக்கு அங்கே நிற்க வெட்கமாக இருந்தது. திரும்பி வருகிற நடையிலேயே போனை எடுத்து அந்தப் பெயரை அழித்தார். இவர் அன்று கூப்பிட்டதைக் காட்டுகிற பழைய அழைப்பு வரிசையையும் விடவில்லை. நம்பர்களை மனப்பாடம் செய்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. சொந்த மனைவி நம்பரே தெரியாது. வந்து உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். சுத்தமான சான்றிதழ்.

அன்று காய்ச்சலில் படுத்திருந்த அக்காவின் போனுக்கு இவர் நம்பர் போயிருந்தது. அவர் அதைச் சேமித்தாரோ இல்லையோ, யார் கண்டது? சேமித்திருந்தால் ஒருநாள் கூப்பிடலாம். கூப்பிட்டால் இவர் திரையில் பெயர் வராது, வெறும் நம்பர்தான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர். ஈரக் கையோடு ஓடி எடுத்தார்.

“சொல்லுங்கக்கா!”

“சார், வணக்கம். உங்களுக்காகவே ஒரு ஸ்பெஷல் லோன் ஆஃபர் இருக்கு சார்...” சின்னப் பெண் குரல். திட்டு வாங்கத் தயாராக, மூச்சுவிடாமல் ஒப்பித்துக்கொண்டே போனது. நடுவில் சந்தேகம் வந்து நிறுத்தியது. “சார்? லைன்ல இருக்கீங்களா?”

நம்பர் எப்படிக் கிடைத்தது என்று அவர் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இருக்கேம்மா. நீ சொல்லு.”